பூனைக் கணவனும் பாடும் ரோபோவும்

ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் வீடியோக்களைக் கோமாளித்தனம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. 2005-இல் வந்த ஒன்றில் அவருடைய கணவன் ஒரு பூனை. அப்படித் தோன்றுவதில் வியப்பில்லைதான். ஆனால் 1999-இல் கிறிஸ் கன்னிங்ஹாம் இயக்கிய ‘ஆல் இஸ் ஃபுல் ஆஃப் லவ்’ வீடியோவைக் கவனியுங்கள். பியோர்க்கின் முகம் கொண்ட வெள்ளை ரோபோ, இயந்திரக் கைகள் தன் உடலைப் பொருத்திக்கொண்டிருக்கும்போதே பாடுகிறது. அதே முகமுள்ள இன்னொரு ரோபோ வந்து முத்தமிடுகிறது. அன்பு எங்கும் இருக்கிறது என்று பாட்டு சொன்னால் அதை உயிரில்லாத பொருளில்தானே சோதித்துப் பார்க்க வேண்டும்? இங்கே விசித்திரம் பாட்டின் பொருளிலிருந்தே பிறக்கிறது. பெருமை இயக்குநர்களுக்குத்தானே என்று கேட்கலாம். பாதி நியாயம். ஆனால் மிஷெல் கோந்த்ரி, ஸ்பைக் ஜோன்ஸ் என்று ஆள் மாறினாலும், 1993-இன் ‘ஹியூமன் பிஹேவியர்’ வீடியோவில் பியோர்க்கை விழுங்கும் கரடி முதல் பூனைக் கணவன் வரை, மனிதரையும் மற்றவற்றையும் பிரிக்கும் கோடு அழிந்துகொண்டே போகிறது. அந்தப் பிடிவாதம் பியோர்க்குடையது.