பெயின்ட் பளபளன்னு இருந்தா போதுமா? கிளாசிக் காரை டெலிவரி எடுக்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க!

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் தயாரான எம்.ஜி.பி, கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களோட செல்லக்குட்டி. 1,798 சி.சி இன்ஜின், குட்டி உடம்பு, திறந்த கூரை... பார்த்தாலே ஒரு ரவுண்டு போகத் தோணும்!

ஆனா, ஒரு விஷயம் கவனிச்சீங்களா? பெரிய மாற்றங்கள் செய்யப்படாத, 40 வயதைத் தாண்டின கார்களுக்கு பிரிட்டனில் 2018 முதல் வருடாந்திரப் பரிசோதனை கட்டாயமில்லை. அதனால, ரிப்பேர் முடிஞ்சதும் மெக்கானிக் ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட் டிரைவ்தான் பல கார்களுக்குக் கடைசி சோதனை. அதுல என்னவெல்லாம் பார்ப்பாங்க?

கிளம்பும் முன்...

வருஷக்கணக்கா நின்ன காரில் முதல்ல கெட்டுப்போறது ரப்பர்தான். பிரேக் ஹோஸ், சீல், பெட்ரோல் குழாய் எல்லாத்தையும் மாத்திடணும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிச்சுடும். ஒழுகினா தீப்பிடிக்கும் ஆபத்து. பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். டயர்ல பட்டன் நல்லா இருந்தாலும் ஏமாறாதீங்க. பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்க எண்ணில் முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். டயரோட வயசு அதுல இருக்கு.

ரோட்டில் இறங்கினதும்...

ஆள் இல்லாத நேர் ரோட்டில் பிரேக் அடிச்சுப் பார்க்கணும். வண்டி இடது பக்கம் இழுத்தா, வலது பக்க பிரேக் சரியா பிடிக்கலைன்னு சந்தேகப்படலாம். ஓட்டி முடிச்சதும் ஒரு வீல் மட்டும் கொதிச்சா, அங்கே பிரேக் விடாம உரசுது. கம்பி வீல்கள்ல கிளம்பும்போதும் நிறுத்தும்போதும் 'டக்'னு சத்தம் வந்தா, ஹப்பில் இருக்கிற பற்கள் தேய்ஞ்சிருக்கலாம்.

பத்து நிமிஷ ஓட்டம் எதையும் காட்டாது. இன்ஜின் நல்லா சூடாகணும். அப்போதான் ஆயில் பிரஷர் இறங்குதா, டிராஃபிக்கில் நின்னா டெம்பரேச்சர் முள் ஏறுதான்னு தெரியும். ஆஃப் பண்ணி கால் மணி நேரம் கழிச்சு திரும்ப ஸ்டார்ட் ஆகுதான்னும் பார்க்கணும்.

திரும்பி வந்ததும்...

வண்டிக்கு அடியில் ஒழுகல் இருக்கா, வீல் நட்டுகள் தளர்ந்திருக்கான்னு மறுபடியும் செக் பண்ணணும். சரி பண்ணின பிறகு இன்னொரு ரவுண்டு ஓட்டணும்.

அதனால சாவியைக் கையில வாங்குறப்போ, 'பெயின்ட் சூப்பர்'னு சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எவ்வளவு தூரம் ஓட்டிப் பார்த்தீங்க?"