'இங்கு அரசியல் பேசாதீர்': திராவிட இயக்கக் கருத்துப் பரவலில் தேநீர்க்கடை, முடிதிருத்தகம், படிப்பகம்

தமிழகத்துத் தேநீர்க்கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்னும் அறிவிப்புப் பலகை நெடுங்காலமாகத் தொங்கிவருகிறது. ஒன்றைச் செய்யாதீர் என எழுதி வைக்கும் தேவை எழுவதே, அது அங்கு நாள்தோறும் நிகழ்கிறது என்பதற்குச் சான்று. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசு 1675 டிசம்பரில் காப்பியகங்களை மூட ஆணையிட்டு, எதிர்ப்பு வலுக்கவே சில நாள்களில் அவ்வாணையைக் கைவிட்ட நிகழ்ச்சியையும் இவ்வாறே கொள்ளலாம். அக்காப்பியகங்களைச் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டே யூர்கன் ஆபர்மாசு 1962இல் பொதுவெளி பற்றிய தம் கோட்பாட்டை முன்வைத்தார்.

அக்கோட்பாட்டை அப்படியே தமிழ்ச்சூழலுக்குப் பொருத்துவதில் இடர் உண்டு. ஆபர்மாசு காட்டும் பொதுவெளியில் உரையாடுவோர் முன்னரே வாசித்தவர்கள். திராவிட இயக்கம் வேரூன்றிய காலத் தமிழகத்தின் நிலை வேறு. 1951 கணக்கெடுப்பின்படி இந்திய எழுத்தறிவு 18.33 விழுக்காடே, தமிழ் மாவட்டங்களிலும் எழுத்தறியாதோரே பெரும்பான்மையர். 'குடி அரசு' (1925), 'விடுதலை' (1935), 'திராவிட நாடு' (1942) ஆகிய இதழ்களின் கருத்துகள் இப்பெரும்பான்மையரை எவ்வாறு எட்டின? மேடைப் பேச்சும் நாடகமும் திரைப்படமும் இதற்கு விடையாகப் பலவாறு ஆராயப்பட்டுள்ளன. அன்றாடம் கூடும் இடங்கள் அவற்றின் நிழலில் மறைந்தே நிற்கின்றன.

வாசிப்பவரும் கேட்பவரும்

தேநீர்க்கடையில் இதழ் ஒன்று; வாசிப்பவர் ஒருவர்; கேட்பவர் பலர். ஆகவே விற்பனைப் படிகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஓர் இதழின் வீச்சை அளத்தல் பொருந்தாது. அதனினும் முதன்மையானது மொழிநிலை. இயக்க இதழ்கள் பலவற்றின் நடை எதுகை மோனை தழுவிய எழுத்துத்தமிழ். வாசிப்பவர் ஒரு பத்தியை உரக்கப் படித்து நிறுத்துவார், பின் அதன் பொருளைத் தம் வட்டாரப் பேச்சில் எடுத்துரைப்பார், கேட்பவர் இடைமறிப்பார், உள்ளூர்ச் செய்தி ஒன்று எடுத்துக்காட்டாக வந்து சேரும். நூலுக்கு உரைகாரர் செய்த பணியை இங்கு வாசிப்பவர் செய்தார் எனலாம். பரவியது இதழின் வாசகம் அன்று, இந்த உரையே. எழுத்துக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட இத்தொலைவைக் குறைக்கும் எளிய நடையோடு சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் 'தந்தி' நாளிதழைத் தொடங்கியதையும், அது பிற்காலத்தில் 'தினத்தந்தி'யாகித் தேநீர்க்கடைப் பலகையில் நிலைத்த இடம் பெற்றதையும் இப்பின்னணியில் வைத்துக் காண வேண்டும்.

முடிதிருத்தகத்தின் தன்மை சற்று வேறானது. சிற்றூரில் முடிதிருத்துவோரின் தொழில் குடிமைக் கடமையாக இருந்தது. அவர் வீடு தேடிச் சென்றார், கூலியாகத் தானியம் பெற்றார். நகரத்தில் கடை திறந்தபோது இவ்வுறவு தலைகீழானது. வருபவர் காத்திருந்தார், காசு கொடுத்தார். சுவரில் எத்தலைவரின் படம் இருக்க வேண்டும், விசிப்பலகையில் எந்த இதழ் கிடக்க வேண்டும் என்பதைக் கடைக்காரரே முடிவு செய்தார். சாதியால் தாழ்த்தப்பட்ட ஒருவர் தமக்கு உரிமையான இடத்தில், பிறர் வாளாவிருந்து கேட்க, கருத்துரைக்கும் வாய்ப்பு இது. தன்மதிப்புக் கொள்கையை எடுத்துரைக்கும் முன்பே அக்கடையின் அமைப்பு அதை ஓரளவு நடைமுறையாக்கிவிட்டது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

படிப்பகம் திட்டமிட்டு அமைக்கப்பட்ட இடம். 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிய பின் கிளைதோறும் கீற்றுக்கொட்டகையிலோ வாடகை அறையிலோ படிப்பகங்கள் எழுந்தன. இந்தியாவில் இத்துறையில் முன்னோடியான சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இலேயே நிறைவேறியிருந்தது. அரசு நூலகத்தின் முதல் விதி அமைதி. படிப்பகத்தின் பயனோ ஓசையில் இருந்தது.

வாயிலின் எல்லை

இவ்விடங்கள் எல்லார்க்கும் திறந்திருந்தனவா? உணவகங்களின் வரலாறு அவ்வாறு கொள்ள இடந்தரவில்லை. தென்னிந்தியத் தொடர்வண்டி நிலைய உணவகங்களில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம், பெரியாரின் தொடர் எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் ஒழிந்தது. உணவகப் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்னும் சொல்லை எதிர்த்து 1957இலும் திருவல்லிக்கேணியில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. இவை பிராமணர் ஏற்படுத்திய எல்லையை நோக்கியவை. சிற்றூர்த் தேநீர்க்கடையின் இரட்டைக் குவளை முறையோ பிராமணரல்லாத இடைநிலைச் சாதியார் காத்த எல்லை. ஒடுக்கப்பட்டோர்க்கு முடிதிருத்த மறுத்த கடைகளும் பல. சமத்துவம் பேசிய இதழ் உள்ளே உரக்க வாசிக்கப்பட்டபோது, தனிக்குவளையோடு வெளியே குந்தியிருந்தவர் செவியிலும் அது விழுந்தது.

பெண்கள் அவ்வளவு தொலைவில்கூட இல்லை. தேநீர்க்கடையும் முடிதிருத்தகமும் ஆடவர் இடங்கள். படிப்பகமும் பெரும்பாலும் அவ்வாறே. அவர்களை எட்டிய களங்களுள் ஒன்று சுயமரியாதைத் திருமணப் பந்தல். அங்கு வாழ்த்துரை என்ற பெயரில் மணிக்கணக்கில் அரசியல் பேசப்பட்டது. உறவினர் என்ற முறையில் பெண்களும் அமர்ந்து கேட்டனர். இத்திருமணங்களுக்குச் சட்ட ஏற்பளித்த திருத்தம் 1967இல் நிறைவேறியதைத் தேர்தல் வாக்குறுதியின் நிறைவேற்றமாக மட்டும் காண்பது போதாது; கருத்துப் பரப்பற்களம் ஒன்றுக்குக் கிடைத்த ஏற்பாகவும் அது காணத்தக்கது.

வெளியே குந்தியிருந்தவர் தாம் கேட்டதை எவ்வாறு பொருள் கொண்டார் என்பதற்கு ஆவணம் அரிது. காலனிய அரசின் இதழ் அறிக்கைகள் அச்சில் வந்ததைச் சுருக்கித் தந்தன. கடையில் பேசியதைப் பதியவில்லை. தலைவர்களின் தன்வரலாறுகள் மேடையிலிருந்தே காண்கின்றன. எஞ்சியிருப்பது நேர்காணல் ஒன்றே. 1967 தேர்தலின்போது இருபது வயதினராயிருந்தோர் இன்று எண்பதை நெருங்குகின்றனர். தமிழ்த்துறைகளின் வாய்மொழி வழக்காற்றுத் தொகுப்புகள் கதையையும் பாடலையும் தேடிச் சென்ற அளவுக்கு, அவர்களிடம் 'யார் வாசித்தார், நீங்கள் எங்கே அமர்ந்திருந்தீர்கள்?' என்று கேட்கச் செல்லவில்லை.