தலைமுடி கொட்டுகிறதா? எண்ணெய்க்கு முன் ரத்தத்தைப் பாருங்கள்

மேல் டிவிசனில் கொழுந்தெடுக்கும் தங்கச்சி ஒருவர் போன வருஷம் எங்களிடம் வந்து, "ஐயா, சீப்பு வச்சா கொத்துக் கொத்தா வருது. மூணு போத்தல் எண்ணெய் தேச்சும் நிக்கல" என்றார். நாங்களும் யோசிக்காமல், வேறு எண்ணெய் தேய்த்துப் பாரும்மா என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அது எங்கள் பிழை. இரண்டு மாதம் கழித்து அவர் மலையில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 8 இருந்தது. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிகளுக்கு 11.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை எல்லாருக்கும் விழும். பிள்ளை பெற்று இரண்டு மூன்று மாதத்தில் கூடுதலாகக் கொட்டும். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் திரும்ப வளர்ந்துவிடும். கூடைக் கயிறு அழுத்தும் இடத்தில் மட்டும் முடி குறைந்தால் கயிற்றைச் சந்தேகப்படுங்கள், துணியை மடித்து அடியில் வையுங்கள். ஆனால் தலை முழுக்க அடர்த்தி குறைந்து, மேடு ஏறும்போது மூச்சு வாங்கி, கண் இமையின் உட்பக்கம் வெளிறி இருந்தால் அது ரத்தக் குறைவாக இருக்கலாம். இரும்புச்சத்து போதாதபோது முடி வளர்வது நின்றுபோகிறது. அப்படி நின்ற முடிதான் சில மாதம் கழித்து விழுகிறது.

சத்து ஏன் குறைகிறது? மாதவிடாயில் அதிகம் ரத்தம் போவது ஒரு காரணம். வெறுங்காலில் நடக்கும்போது ஏறும் கொக்கிப்புழு இன்னொன்று. மூன்றாவது நம் சாப்பாடு. காலையில் கோதுமை ரொட்டி, சம்பல், கூடவே ஒரு கோப்பை சாயத்தண்ணி. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைத் தேயிலைச் சாயம் பிடித்துக்கொள்கிறது, உடம்புக்குக் கொஞ்சந்தான் போய்ச் சேர்கிறது. தேயிலையால் பிழைக்கும் நாம் தேயிலையைக் குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளியோ, கொய்யாப்பழமோ, நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். கௌப்பி, கடலை, முருங்கைக் கீரை, முடிந்த நாளில் நெத்தலி, ஈரல். கர்ப்பிணிக்குக் கொடுத்த திரிபோஷாவை வீட்டில் எல்லாரும் பங்கு போட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்? மச்சம் மாமிசம், பால், முட்டை எதுவுமே தொடாதவர்களுக்கு விட்டமின் பி12 குறையலாம், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு கோளாறிலும் முடி கொட்டும். அதனால் சோதிக்காமல் கடையில் விட்டமின் குளிசை வாங்கி விழுங்காதீர்கள். விட்டமின் ஏ அளவு மீறினால் அதுவே முடியைக் கொட்ட வைக்கும்.

இரும்புக் குளிசை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு வயிறு புரட்டும். பயந்து நிறுத்திவிடாமல் மருத்துவிச்சியிடம் கேளுங்கள். தேத்தண்ணியோடும் பாலோடும் விழுங்க வேண்டாம். லயத்தில் குளிசையைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், மிட்டாய் என்று நினைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து.

முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும், ஆகவே பலன் தெரிய மாதக்கணக்காகும். ரத்தம் சரியான பிறகும் டொக்டர் சொல்லும் மட்டும், அநேகமாக மூன்று மாதம், குளிசையைத் தொடர வேண்டும். அந்தத் தங்கச்சியைப் போன கிழமை பிரட்டில் கண்டோம். நெற்றியோரம் முளைத்த குட்டை முடி சீப்புக்கு அடங்காமல் நிற்கிறதாம், அதற்கு என்ன செய்வது என்று கேட்கிறார்.