காட்டில் பிறந்த நாயகி காட்டுக்குத் திரும்புவாளா?

சூப்பர் ஹீரோ என்றால் அமெரிக்காக்காரன், பெருநகரத்தில் பிறந்தவன், ஆண். இந்த மூன்று எண்ணங்களையும் ஒரே படம் அசைத்துப் பார்த்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 28 அன்று, ஓணத்தையொட்டி வந்த ‘லோகா அத்தியாயம் 1: சந்திரா’. டொமினிக் அருண் இயக்கத்தில், அவரும் சாந்தி பாலச்சந்திரனும் எழுதிய மலையாளப் படம். ஏறத்தாழ 30 கோடி ரூபாயில் எடுத்து, உலகம் முழுக்க 300 கோடிக்கு மேல் வசூலித்தது. கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற அந்த நாயகியை, நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பக்கத்து மாநிலத்துப் பெண்ணாக யாரும் நினைக்கவில்லை. அங்கே கடைத்தெருவில் பாதிப் பேச்சு மலையாளம்தான்.

இது தனிப் படமல்ல, ஒரு நீண்ட தொடரின் முதல் கண்ணி. தலைப்பிலேயே ‘அத்தியாயம் 1’ இருக்கிறது. அதனால் இந்தப் படத்துக்கு இரண்டு வேலை. ஒருத்தி எப்படிச் சக்தி பெற்றாள் என்று சொல்ல வேண்டும். அடுத்தடுத்து வரப்போகிறவர்களுக்கு வாசல் திறந்துவிடவும் வேண்டும். முதல் வேலையை அபாரமாகச் செய்திருக்கிறார்கள். இரண்டாவது வேலை, முதல் வேலையின் நேரத்தைத் தின்றுவிடுகிறது. நீலகிரியில் உட்கார்ந்து பார்க்கிறபோது இந்தப் பலமும் பலவீனமும் வேறொரு கவலையாக மாறுகின்றன. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

யட்சி என்று யார் சொன்னது?

நாயகி சந்திரா வேறு யாருமல்ல, கள்ளியங்காட்டு நீலி. வழிப்போக்கர்களிடம் சுண்ணாம்பு கேட்டு, மயக்கி, ரத்தம் குடிக்கும் யட்சியாகக் கேரளம் தலைமுறைகளாகச் சொல்லி வந்த நீலி. அந்தக் கள்ளியங்காடு இன்று தமிழ்நாட்டில், நாகர்கோவிலுக்கு அருகில்தான் இருக்கிறது. நமக்குத் திருவாலங்காட்டுப் பக்கத்தில் பழையனூர் நீலியும் இருக்கிறாள். நீலி இரு மொழிக்கும் சொந்தக்காரி.

படம் செய்த மிகப் பெரிய காரியம், கதையை நீலியின் பக்கம் நின்று சொன்னது. பழைய கதையில் கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் அவளை மந்திரத்தால் அடக்குகிறார். படத்தில் அவர் அவளைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறார். அவள் பழங்குடிச் சிறுமி. கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று அரசனின் ஆட்கள் அவள் மக்களைக் கொன்று தீர்க்கிறார்கள். ஓடி ஒளிந்த குகையில் வௌவால்கள் கடிக்கின்றன. சிறுமியாக உள்ளே போனவள் வேறு ஒருத்தியாக வெளியே வருகிறாள். வசனம் குறைவு. இருட்டு, தீ, ஒரு குழந்தையின் முகம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் ஒரு முழு வரலாறே தலைகீழாகிறது. அவளுக்கு ‘ரத்தக் காட்டேரி’ என்று பெயர் வைத்தவர்கள், அவள் மக்களின் ரத்தத்தைச் சிந்தியவர்கள்.

இந்த இடத்தில் நீலகிரிக்காரர்களுக்கு நெஞ்சு திக்கென்று இருக்க வேண்டும். சூனியம் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகத்தில் குறும்பர் பழங்குடியினர் கொல்லப்பட்ட சம்பவங்கள், 19ஆம் நூற்றாண்டின் நீலகிரி ஆவணங்களிலேயே பதிவாகியிருக்கின்றன. காய்ச்சல் வந்தாலும், மாடு செத்தாலும் பழி காட்டுக்குள் இருந்தவர்கள் மீது விழுந்தது. நீலியின் கதையைக் கற்பனை என்று எளிதாகத் தள்ளிவிட நம்மால் முடியாது.

பலம் மண்ணில் இருக்கிறது

இந்தியாவில் ஜெயித்த சூப்பர் ஹீரோ பிறப்புக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். பேசில் ஜோசஃப் இயக்கி 2021 டிசம்பரில் வந்த ‘மின்னல் முரளி’யின் ஜெய்சன், குறுக்கன்மூலை என்ற கற்பனைக் கிராமத்துத் தையல்காரன். சூப்பர் ஹீரோ உடையை அவன் யாரிடமும் வாங்க வேண்டியதில்லை, தானே தைத்துக்கொள்ளலாம். அதே மின்னல் தாக்கிய ஷிபு, டீக்கடையில் வேலை செய்பவன். ஊரே அவனைப் பைத்தியம் என்கிறது. ஊர் கூடி அவன் வீட்டின் மேல் பாயும்போது, வாழ்நாளெல்லாம் காத்திருந்த உஷாவை அவன் இழக்கிறான். ஷிபுவாக நடித்த நம் குரு சோமசுந்தரம் அந்தக் காட்சியில் அழுவதைப் பார்த்த பிறகு, ஷிபுவை வில்லன் என்று சொல்ல நாக்கு எழாது. ஒரே மின்னலில் ஒருவன் நாயகனாகவும் இன்னொருவன் வில்லனாகவும் ஆனதற்கு, ஊர் அவர்களை நடத்திய விதம்தான் காரணம்.

2023இல் மடோன் அஸ்வின் எடுத்த ‘மாவீரன்’ படத்திலும் இதே பலம். குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டவர்களின் வீட்டுச் சுவர் கையோடு பெயர்ந்து வருகிறது. பயந்தாங்கொள்ளியான நாயகன் காதில் ஒரு குரல் கேட்பது அதற்குப் பிறகுதான் பொருள் பெறுகிறது. பிறப்புக் கதையின் உயிர் சக்தியில் இல்லை. எந்த அநியாயத்தின் மடியில் அந்தச் சக்தி பிறந்தது என்பதில் இருக்கிறது. இந்த அளவுகோலில் ‘சந்திரா’வின் காட்டுப் பகுதி இந்தியப் படங்களில் முன்வரிசையில் நிற்கும்.

பலவீனம் அவசரத்தில் இருக்கிறது

அந்தக் காட்டுப் பகுதி முடிந்ததும் கதை மறுபடி அதன் நிகழ்காலக் களமான பெங்களூருக்கு ஓடிவிடுகிறது. அங்கே உடலுறுப்புக் கடத்தும் கும்பல் இருக்கிறது. பெண்கள் என்றாலே வெறுப்பை உமிழும் போலீஸ் அதிகாரி இருக்கிறார். நம் சாண்டி மாஸ்டர் அந்தப் பாத்திரத்தில் முறைத்தே பயமுறுத்துகிறார். ஆனால் நீலிக்குச் சமமான எதிரியாக அவர் மாறும்போது படம் முடியும் தறுவாய்க்கு வந்துவிடுகிறது. நடுவில், தொடரில் அடுத்து வரப்போகிறவர்களான சாத்தன் வருகிறான், ஒடியன் வருகிறான், மூத்தோனின் குரல் வருகிறது. கைதட்டல் கிடைக்கிறது. ஆனால் நூற்றாண்டுகளாகத் தனியாக வாழ்ந்த ஒருத்திக்குத் தன் மக்களின் நினைவு எப்படி இருக்கும், அவர்கள் பேசிய மொழியில் ஒரு சொல்லாவது மிச்சம் இருக்குமா, அந்தக் காட்டை மறுபடி போய்ப் பார்த்தாளா? இதற்கெல்லாம் படத்தில் நேரமில்லை.

தொடர் என்றால் விதை தூவத்தான் வேண்டும், எல்லாவற்றையும் முதல் படத்திலேயே சொல்ல முடியாது என்று ரசிகர்கள் சொல்வார்கள். அதுவும் ஒரு நியாயம்தான். ஆனால் 2008இல் ‘அயர்ன் மேன்’ ஒரு பெரிய தொடரைத் தொடங்கி வைத்தபோது, அடுத்த படத்துக்கான பெரிய அழைப்பை, கடைசியில் பெயர்கள் ஓடி முடிந்த பிறகுதான் வைத்தார்கள். அதுவரை படம் அந்த ஒரே மனிதனுக்குச் சொந்தம். ‘சந்திரா’வுக்கும் அந்தப் பொறுமை வாய்த்திருந்தால் இன்னும் உயர்ந்திருக்கும்.

இரண்டாவது அத்தியாயம் சாத்தனை மையமாக வைத்து வரும் என்று அறிவித்தும் விட்டார்கள். கொல்லப்பட்ட அந்த மக்கள் ஒரு முன்கதையோடு முடிந்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

மலையில் கதைக்கா பஞ்சம்?

இந்தப் பயம் நீலியோடு நிற்கவில்லை. நாட்டார் கதைகளிலும் புராணங்களிலும் காசு இருக்கிறது என்று சினிமாவுக்குத் தெரிந்துவிட்டது. 2024இல் தெலுங்கில் வந்த ‘ஹனுமான்’ படமும் அதையே நிரூபித்தது. அடுத்த கதையைத் தேடுபவர்களின் கண், இன்றில்லாவிட்டால் நாளை, நம் மலை மேல் விழும்.

இங்கே என்னதான் இல்லை? நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களைப் பற்றி மானுடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் க்வோட்டோ என்று ஒருவனின் கதை இருக்கிறது. தெய்வங்கள் அவனைத் தங்களுக்குச் சமமாக மதிக்கவில்லை. அவன் சூரியனையே கட்டிக் கீழே இறக்கிவிட்டான். உலகம் இருண்டது. அதன் பிறகுதான் அவன் பெருமையைத் தெய்வங்கள் ஒப்புக்கொண்டன. ஒதுக்கப்பட்டவன், அவனுக்குள் இருந்த சக்தி, உலகமே இருளும் உச்சம் என்று மூன்று அங்கமும் கையில் தயாராக இருக்கிறது.

உடைக்கும் வெளியே போக வேண்டாம். தோடர்கள் போர்த்தும் புத்துக்குளி இருக்கிறது. முரட்டு வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். வரைபடம் எதுவும் இல்லாமல், துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணிப் பெண்கள் போடும் பூவேலை. உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று சட்டெனச் சொல்ல முடியாது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு அது. தோளில் விழும் அந்தப் போர்வையின் கம்பீரத்துக்கு முன் எந்த ரப்பர் உடையும் நிற்காது.

எஸ்டேட் பக்கம் வந்தாலும் கதை இருக்கிறது. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, பிறந்த இலங்கை மண்ணிலிருந்து பெட்டியோடு அனுப்பப்பட்டு, ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரோடு இங்கே கொழுந்து பறிக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குன்னூரிலும் கோத்தகிரியிலும் படிக்கிறார்கள். அவர்கள் பாட்டி சொல்லும் கதையைவிடப் பெரிய பிறப்புக் கதை எந்தக் காமிக்ஸில் இருக்கிறது?

ஆனால் சினிமாவுக்கு இந்த மலை இத்தனை காலமும் பின்னணித் திரை. ‘மூன்றாம் பிறை’யின் கேத்தி போல ஊரே கதைக்குள் வந்த படங்கள் சில உண்டு. மற்றபடி பனி, பைன் மரம், டூயட், பேய் பங்களா. முதுமலை தெப்பக்காட்டில் எடுத்த ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023இல் ஆஸ்கர் வென்றபோதுதான், யானைக் குட்டிகள் மேல் காட்டுநாயக்கர் தம்பதியர் வைத்த பாசத்தை உலகம் திரும்பிப் பார்த்தது. இந்த மலையின் மனிதர்களைப் பார்க்க உலகம் தயாராக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

முன்கதையோடு முடியக் கூடாது

ஆகவே, நாளை யாராவது க்வோட்டோவைத் தேடி மலையேறினால் அவர்களிடம் நாம் இப்போதே கேட்டு வைக்க வேண்டியவை உண்டு. தோடர் கதை என்றால் எழுதும் மேசையில் தோடர் ஒருவர் உட்கார வேண்டும். குறும்பர் பேசினால் குறும்பர் மொழியில் பேசட்டும், கீழே எழுத்தில் தமிழைப் படித்துக்கொள்கிறோம். படத்தின் தலைப்பு எழுத்துகளில் அந்தச் சமூகத்தின் பெயர் வர வேண்டும், வருமானத்தில் பங்கும் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது படத்திலும் கதை தோடர் குடியிருப்பான அந்த மந்துக்கும் அந்தச் சோலைக்கும் திரும்பி வர வேண்டும்.

‘சந்திரா’வை எடுத்தவர்களுக்கு என் கோரிக்கையும் அதுவே. நீங்கள் நீலிக்கு நியாயம் செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள். ஐந்தாவது அத்தியாயம் ஆனாலும் பரவாயில்லை, அவளை ஒரு முறை அந்தக் காட்டுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே இன்றைக்கும் நிலத்துக்காகவும் பாதைக்காகவும் போராடுகிற, அவள் மக்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். அவள் சக்தி பயன்பட வேண்டியது அவர்களுக்குத்தான்.