நூறு மில்லிக்குப் பத்து கிராம்

வீட்டில் கேக் சுடுகிறவர்களின் அலமாரியில் ‘வெனிலா எசென்ஸ்’ என்ற சின்ன பாட்டில் தவறாமல் இருக்கும். அதற்குள் பெரும்பாலும் வெனிலாக் காயின் சம்பந்தமே கிடையாது. இருப்பது வெனிலின் என்ற ஒற்றைப் பொருள். காயின் வாசனைக்கு முதற்காரணமான அதை 1858இல் பிரெஞ்சு வேதியியலாளர் கோப்லே தனியே பிரித்தெடுத்தார். 1874இல் ஜெர்மனியில் டீமனும் ஹார்மனும் பைன் மரத்தில் கிடைக்கும் ஒரு பொருளை வைத்து அதைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். பிறகு காகித ஆலைக் கழிவிலிருந்து எடுத்தார்கள். இன்று பெருமளவு பெட்ரோலியத்தின் வழியில் வருகிறது. ஐஸ்கிரீம் கடையில் “வேறெதுவும் வேண்டாம், சும்மா வெனிலா போதும்” என்று கேட்கிற நம்மில் பலர் வெனிலாவை ஒருமுறைகூட ருசித்ததில்லை என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. அதனால்தான் காயைச் சாராயத்தில் ஊறவைத்து வீட்டிலேயே எடுத்த சாறு மிக நல்ல பரிசாகிறது. வாங்குகிறவர் தனக்குத் தெரியும் என்று நினைத்த ஒன்றை முதன்முறையாகச் சுவைப்பார். ஆனால் இது காய்க் கணக்கு குறையாத வரைக்கும்தான். பரிசாகக் கைமாறும் பாட்டில்களில் பல இந்தக் கணக்கில்தான் தோற்கின்றன.

கணக்கு ஏன் முக்கியம் என்பது காய் வந்த வழியைப் பார்த்தால் புரியும். வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடி. மெக்சிகோவின் வேராகுரூஸ் பகுதியில் தொதொநாக் மக்கள் தலைமுறைகளாக வளர்த்துவந்தது. மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோனபோது கொடி செழித்தது, பூத்தது, காய்க்க மறுத்தது. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மோன் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், பூவுக்குள் மகரந்தத்தையும் சூல்முடியையும் பிரிக்கும் சவ்வைக் குச்சியால் விலக்கி, விரலால் அழுத்திச் சேர்க்கும் உத்தியைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகத் தோட்டங்களில் நடப்பது ஏறக்குறைய அதேதான். ஒரு பூ ஒரு காலைப்பொழுதுதான் விரிந்திருக்கும். அதற்குள் கை போய்ச் சேரவேண்டும். காய் முற்ற எட்டு ஒன்பது மாதம். பறித்த பச்சைக் காய்க்கு வாசனையே இருக்காது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி உலர்த்தி, பெட்டியில் மாதக்கணக்கில் வைத்துப் பதப்படுத்தினால்தான் சர்க்கரையோடு கட்டுண்டிருக்கும் வெனிலின் விடுபடும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுண்டும். மடகாஸ்கரில் விவசாயிகள் திருட்டுக்குப் பயந்து, கொடியில் இருக்கும்போதே காயின் தோலில் ஊசியால் தங்கள் அடையாளத்தைக் குத்தி வைக்கிறார்கள். பதப்படுத்திய பிறகும் அந்தத் தழும்பு தெரியும்.

இப்படி வந்த காயில் இரண்டை மட்டும் ஒரு முழு பாட்டில் வோட்காவில் மிதக்கவிட்டு, கழுத்தில் ரிப்பன் கட்டிக் கொடுப்பது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். கிடைப்பது வாசனை ஏறிய வோட்கா, சாறு அல்ல. எது சாறு என்பதற்கு அமெரிக்க உணவுச் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. ஒரு காலன் திரவத்துக்கு 13.35 அவுன்ஸ் காய், குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால். நம் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு 100 கிராம், நூறு மில்லிக்குப் பத்து கிராம். பதப்படுத்திய காய் ஒன்று சுமார் மூன்று கிராம் நிற்கும் என்று வைத்தால், நூறு மில்லி பாட்டிலுக்கு மூன்று நான்கு காய். 750 மில்லிக்கு இருபத்தைந்து. வீட்டுக் குறிப்புகள் பல இதில் பாதியோடு நின்றுவிடுகின்றன. எண்ணிப் போடுவதைவிடத் தராசில் நிறுத்துப் போடுவதே சரி. காய் நெட்டையும் குட்டையுமாகத்தான் வரும்.

இவ்வளவு காய் போட்டால் கடையில் வாங்குவதைவிட மலிவாகுமா என்று கேட்பார்கள். சில ஆண்டுகளில் ஆகும், சில ஆண்டுகளில் ஆகாது. வெனிலாவின் விலை அப்படிப்பட்டது. 2003, 2004 வாக்கில் கேரளத்திலும் கர்நாடகத்திலும் பச்சைக் காயே கிலோ மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது. ரப்பரையும் பாக்கையும் விட்டு இந்தக் கொடிக்கு மாறியவர்கள், சில ஆண்டுகளில் நூறு ரூபாய்க்கும் கீழே விழுந்ததைப் பார்த்தார்கள். 2017இல் ஈனாவோ புயல் மடகாஸ்கரைத் தாக்கிய பிறகு பதப்படுத்திய காயின் விலை எடைக்கு எடை வெள்ளியோடு போட்டி போட்டது. ஆகவே சிக்கனத்துக்காக இதில் இறங்க வேண்டாம். பணம் இடித்தால் பாட்டிலைச் சிறிதாக்கலாம், காயைக் குறைக்கக் கூடாது. ஐம்பது மில்லி போதும். அதில் பத்துத் தேக்கரண்டி இருக்கிறது. நீளமான, பளபளக்கும் முதல்தரக் காயும் அவசியமில்லை. கொஞ்சம் உலர்ந்த, நுனி வெடித்த இரண்டாம்தரக் காயே இதற்கு ஏற்றது. ஈரம் குறைவு என்பதால் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவதும் குறைவு.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: சுட்ட பிஸ்கட்டில் அசலையும் செயற்கையையும் பலரால் பிரித்துச் சொல்ல முடிவதில்லையே? உண்மைதான், மறுக்க ஒன்றுமில்லை. இரண்டிலும் உள்ள வெனிலின் மூலக்கூறு அணுவும் பிசகாமல் ஒன்றே. காயில் அதோடு இருநூறுக்கும் மேற்பட்ட வாசனைப் பொருள்கள் இருக்கின்றன; அவற்றில் மெல்லியவை அடுப்பின் சூட்டில் பறந்துவிடும். ஆனால் இது எங்கே ஊற்ற வேண்டும் என்பதற்கான பதிலே தவிர, ஊற்றவே வேண்டாம் என்பதற்கானது அல்ல. கஸ்டர்டு, ஐஸ்கிரீம், இறக்கி ஆறவைத்த பால் பாயசம், கேக்கின் மேல் பூசும் கிரீம் என்று சூடு படாத இடத்தில் வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். பிஸ்கட்டுக்குப் பழைய எசென்ஸே போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது சாராயம். ‘ஊறல்’ என்ற சொல்லே நம் செய்தித்தாள்களில் போலீஸ் கொட்டி அழிப்பதைக் குறிக்கிறது. இந்த நிலத்தில் வோட்கா பாட்டிலைக் கையில் பிடித்துப் பரிசு பற்றிப் பேசுவது கொஞ்சம் சங்கடம்தான். வேதியியல் மட்டும் சங்கடப்படுவதில்லை. வெனிலின் தண்ணீரில் அரைகுறையாகவும் ஆல்கஹாலில் தாராளமாகவும் கரையும். நம் ஊர் வோட்கா லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. ஒரு தேக்கரண்டிச் சாற்றில் இரண்டு மில்லி அளவுக்குத்தான் ஆல்கஹால், அதுவும் பத்துப் பேருக்குப் பங்கு. தசமூலாரிஷ்டம் தயங்காமல் குடிக்கிற வீடுகளில் இதற்குத் தயக்கம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் மார்க்கப்படி மதுவைத் தொடாதவர்களிடமும், குடியிலிருந்து மீண்டு நிற்கிறவரின் வீட்டிலும் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அவர்களுக்கு கிளிசரினில் ஊறவைத்துத் தரலாமே என்பார்கள். சாறு இளைத்துத்தான் வரும். இரண்டு காயைக் கீறிச் சர்க்கரை டப்பாவில் புதைத்துக் கொடுப்பது மேல்.

செய்முறையில் வித்தை இல்லை. காயை நீளவாக்கில் கீறி, துண்டாக்கி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, முழுதும் முங்கும்படி வோட்கா ஊற்றி, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்து வாரம் ஒருமுறை குலுக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காயில் பூஞ்சை பிடிக்கலாம். காத்திருக்கப் பொறுமையின்றிச் சிலர் பிரஷர் குக்கரில் வைக்கிறார்கள். ஆல்கஹால் ஆவி அடுப்பருகே தீப்பிடிக்கக்கூடியது. வாசனைக்காக வீட்டைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. இரண்டு மாதத்தில் நிறம் வந்துவிடும், ஆனால் நிறத்தை நம்பக் கூடாது. சாராயத்தின் காரம் அடங்கி வாசனை முன்னுக்கு வர ஆறு மாதமாவது வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வேண்டுமென்றால் ஜூனில் தொடங்க வேண்டும். ஆடிப் பிறப்பன்று போட்டால் பொங்கலுக்குக் கைக்கு வரும். அவசரத்தில் பாதி ஊறியதைக் கொடுக்க நேர்ந்தால், லேபிளில் ஊறப்போட்ட தேதியையும் திறக்க வேண்டிய தேதியையும் காயின் எடையையும் எழுதிவிடலாம். சாறு தீர்ந்தபின் அடியில் கிடக்கும் காய்த் துண்டுகளை உலர்த்தி, சர்க்கரையோடு பொடிக்கலாம் என்று அதே சீட்டின் பின்புறம் ஒரு வரி சேர்க்க இடமிருக்கும்.