டைல்ஸைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறார்கள்... ஏன்? யார் இந்த டி மார்கன்?

ஆறு அங்குலச் சதுரம். நடுவில் ஒரு டோடோ பறவை, 'எனக்கென்ன வந்தது' என்ற முகத்தோடு. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து வீடுகளில் ஃபயர்பிளேஸைச் சுற்றிப் பதித்த இந்த மாதிரி டைல்ஸைத்தான் சேகரிப்பாளர்கள் இப்போது தேடித் தேடி வாங்குகிறார்கள். டிசைன் செய்தவர் வில்லியம் டி மார்கன் (1839-1917).

அன்று விலங்குப் பட டைல்ஸுக்குப் பஞ்சமே இல்லை. மின்டன் நிறுவனம் ஈசாப் கதைகளையே டைல்ஸில் அச்சடித்து விற்றது. டி மார்கனோ, நண்பர் வில்லியம் மோரிஸைப் போலக் கைவேலைப் பைத்தியம். மெல்லிய காகிதத்தில் படத்தைத் தீட்டி, காகிதத்தோடு டைலில் ஒட்டி, மேலே கிளேஸ் பூசிச் சூளையில் வைப்பார்கள். காகிதம் எரிந்துபோகும், வண்ணம் தங்கிவிடும். ஒரே மீன், ஒரே டிராகன்தான். ஆனாலும் இரண்டு டைல்ஸ் அச்சு அசலாக இருக்காது. உலோகப் பளபளப்பு தரும் 'லஸ்டர்' சோதனையில் வாடகை வீட்டுக் கூரையையே கொளுத்தியவர் மனுஷன்! அதன் பிறகுதான் 1872-ல் செல்சீ பகுதிக்கு இடம் மாறினார்.

சரி, அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பின்பக்கம். 1882 முதல் மெர்டன் அபே, 1888 முதல் சாண்ட்ஸ் எண்ட் என்று பட்டறை முத்திரைகள் இருக்கும். இங்கேதான் சிக்கல். செல்சீ காலத்தில் அவர் பிறர் தயாரித்த வெற்று டைல்ஸை வாங்கியும் வரைந்தார். அதனால் பின்னால் வேறு கம்பெனி பெயர் இருக்கலாம். 'போலி' என்று ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். முன்பக்கத் தூரிகைத் தடத்தையும் பாருங்கள். லென்ஸில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் தெரிந்தால், அது பிரின்ட்.

இன்னொரு வில்லன், உளி. பழைய சுவரிலிருந்து பெயர்த்து, ஒட்டியிருக்கும் சாந்தைச் சுரண்டும்போது முத்திரையும் சேர்ந்து போய்விடலாம். நாலைந்து டைல்ஸ் சேர்ந்தால்தான் முழுசாகும் மயிலைத் தனித்தனியாக விற்பது அதைவிடக் கொடுமை. தலை ஒருவரிடம், தோகை இன்னொருவரிடம்!

இத்தனை கிராக்கியும் அவர் காலத்தில் இல்லை. போட்ட காசு திரும்பாமல் 1907-ல் பட்டறையை மூடினார். அறுபதைத் தாண்டி எழுதிய 'ஜோசப் வான்ஸ்' நாவல்தான் (1906) அவருக்குப் பணம் தந்தது.

வாங்க வசதியில்லை, பார்த்தால் போதும் என்பவர்களுக்கு லண்டன் லெய்டன் ஹவுஸ் இருக்கிறது. அங்குள்ள அரபு கூடத்தில் டமாஸ்கஸிலிருந்து வந்த பழைய டைல்ஸில் உடைந்தவற்றுக்குப் பதிலாக டி மார்கன் புதிதாகச் செய்து பொருத்தினார். எது பழசு, எது அவருடையது என்று சட்டெனச் சொல்லிவிட முடியாது.