மென்பொருள் விருத்தியாளரின் பணி எது?

மாணவர்களே, மென்பொருள் விருத்தியாளர் என்றதும் நாள் முழுவதும் கணினி முன் தனியே அமர்ந்து செய்நிரல் எழுதும் ஒருவரே உங்கள் நினைவுக்கு வரக்கூடும். செய்நிரல் எழுதுதல் அப்பணியின் ஒரு பகுதி மட்டுமே.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவு உட்பட இலங்கையின் கரையோரங்களைத் தாக்கியது. அதனையடுத்து இலங்கைத் தொண்டர்கள் 'சகானா' என்னும் திறந்த மூல மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவையான பொருள்கள் பற்றிய விபரங்களை அதில் பதியலாம்.

இத்தகைய மென்பொருளில் எது கடினம்? ஒரே பெண்ணை ஒருவர் 'கனகம்மா' எனவும் மற்றவர் 'கனகம்' எனவும் பதிந்தால், கணினி இருவராகவே கொள்ளும். தேடிவரும் பிள்ளைக்குப் "பதிவில் இல்லை" என்ற விடை கிடைக்கும். இதனை முகாமில் பதிவோரிடம் கேட்டே அறியலாம். முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்தில் தேவைகளை இனங்காணல் முன்னே வருவது இதனாலேயே.

எழுதியதும் வேலை முடிந்தது என்பதும் தவறு. சகானா 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010 இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. மொழியும் படிவமும் மாறினால் மென்பொருளையும் மாற்றிச் சோதிக்க வேண்டும்.

இதனைக் கற்கக் கொழும்புக்கே செல்ல வேண்டியதில்லை. வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும் கணினிக் கற்கைகள் உண்டு.

பயிற்சி: வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கற் கூட்டத்தில் தவறிப்போகும் சிறுவர்களைப் பதிய ஒரு மென்பொருள் தேவை. செய்நிரல் எழுதுமுன் யார் யாரிடம் எவற்றைக் கேட்பீர்கள்? ஐந்து வினாக்களை எழுதுக.